உறவு என்று காட்ட ஒரு தாள்: தன்பாலினத் திருமணச் சட்டங்கள் வந்த வழி

1983 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கார் விபத்து. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் மோதியதில் ஷாரன் கோவால்ஸ்கி என்ற 27 வயதுப் பெண்ணுக்கு மூளையில் பலத்த காயம். பேச்சு போயிற்று, நடையும் போயிற்று. அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்துவந்த கேரன் தாம்சன் மருத்துவமனைக்கு ஓடினார். இருவரும் மோதிரம் மாற்றிக்கொண்டவர்கள், சேர்ந்து வீடு வாங்கியவர்கள். ஆனால் மருத்துவமனையில் கேரனுக்கு ஒரு விவரமும் சொல்லவில்லை. அவர் குடும்பத்தில் ஒருவர் இல்லையாம்.

ஷாரனின் பெற்றோருக்கு இந்த உறவு தெரியாது. தெரிந்தபோது ஏற்கவும் இல்லை. 1985இல் நீதிமன்றம் தந்தையை முழுக் காப்பாளராக நியமித்தது. அவர் முதலில் செய்தது கேரன் வந்து பார்ப்பதை நிறுத்தியதுதான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கேரனால் ஷாரனின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. 1991 டிசம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேரனையே காப்பாளராக்கியது. இவர்கள் இருவரும் அன்பால் அமைந்த குடும்பம், அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியது. விபத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகள் போயிருந்தன.

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு பற்றிப் பேச்சு வந்தாலே மாலையும் மோதிரமும் வானவில் கொடியும்தான் கண்ணில் படுகின்றன. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் கல்யாண நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால், பெரும்பாலும் அவை விபத்து, நோய், சாவு, வாடகை வீடு, ஓய்வூதியம், வரி ஆகியவற்றிலிருந்து பிறந்திருப்பது தெரியும். ஒருவர் வாழ்க்கையின் மிக மோசமான நாளில் பக்கத்தில் யார் நிற்கலாம் என்ற கேள்வியிலிருந்துதான் இவை வந்தன. அந்தக் கோணத்தில் பார்த்தால்தான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இதற்காகப் போராடினார்கள் என்பது விளங்கும்.

சட்டத்தின் கண்ணில் திருமணம் என்பது என்ன? காதலுக்குச் சான்றிதழ் இல்லை அது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லாரும் ரத்தத்தால் உறவாகிறார்கள். ரத்த சம்பந்தமே இல்லாத ஓர் அந்நியரை நெருங்கிய உறவாக்க சட்டத்திடம் இருப்பவை இரண்டே வழிகள்தான்: தத்து, திருமணம். தத்து பெற்றோர்-பிள்ளை உறவுக்கானது. அப்போது மிச்சம் திருமணம் மட்டும்தான். ஒரே கையெழுத்தில் வாரிசுரிமை, ஓய்வூதியம், மருத்துவ ஒப்புதல், குடியுரிமை விண்ணப்பம், நீதிமன்றத்தில் துணைக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமை என்று ஒரு மூட்டை உரிமைகள் கிடைத்துவிடுகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களில் மட்டும் திருமண நிலையைப் பொறுத்து மாறும் விதிகள் 1,138 இருப்பதாக அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2004இல் எண்ணிச் சொன்னது. இத்தனைக்கும் உயிலும் அதிகாரப் பத்திரமும் தனித்தனியாக எழுதி ஈடுகட்ட முடியாது. பாதியை எழுதவே முடியாது. வெளிநாட்டுத் துணைக்கு விசா கொடு என்று உயிலில் எழுதி என்ன பயன்?

1980களில் எய்ட்ஸ் வந்தபோது இந்த ஓட்டை பெரும் பள்ளமாக விரிந்தது. இருபது, முப்பது வயதில் ஆண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பல மாதங்கள் பக்கத்தில் இருந்து கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டவரைச் சாவுச் சடங்குக்கே விடாத குடும்பங்கள் இருந்தன. நியூயார்க்கில் மிகெல் பிராஸ்கி என்பவர் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தன் துணைவருடன் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டு வீட்டில் வாழ்ந்தார். ஒப்பந்தம் துணைவர் பெயரில். 1986இல் துணைவர் இறந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். இறந்தவரின் மனைவியோ குடும்பத்தினரோ தவிர மற்றவர்கள் தங்க முடியாது என்பது விதி. 1989இல் மாநிலத்தின் உச்ச மட்ட நீதிமன்றம், குடும்பம் என்பதைத் திருமணச் சான்றிதழை வைத்தோ தத்துப் பத்திரத்தை வைத்தோ மட்டும் முடிவு செய்யக் கூடாது, வாழ்ந்த வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்றது. திருமணம் கேட்டுப் போடப்பட்ட வழக்கு இல்லை அது. ஒரு வீட்டின் சாவிக்காக நடந்த வழக்கு. ஆனாலும் சட்டத்துக்குள் இந்த உறவு நுழைந்த முக்கியமான கதவுகளில் அதுவும் ஒன்று.

அதே 1989இல் அக்டோபர் 1 அன்று டென்மார்க் வேறொரு கதவைத் திறந்தது. தன்பாலின இணையர் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. முதல் நாளே கோபன்ஹேகன் நகர மன்றத்தில் பதிந்தவர்களில் ஆக்செல், ஐகில் அக்ஸ்கில் இருவரும் இருந்தார்கள். ஏறத்தாழ 40 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகு கிடைத்த பதிவு. ஆனால் அதைத் திருமணம் என்று சொல்லவில்லை. தத்தெடுக்க முடியாது, தேவாலயத்தில் செய்ய முடியாது. டென்மார்க்குக்கே திருமணம் என்ற சொல் வந்து சேர 2012 ஆயிற்று.

அடுத்த இருபது ஆண்டுகள் ஐரோப்பாவில் இந்த நடுவழி ஏற்பாடுகளின் காலம். பிரான்சில் 1999இல் பாக்ஸ் என்ற பதிவு வந்தது. பிரிட்டனில் 2005 டிசம்பரில் சிவில் பார்ட்னர்ஷிப் வந்தது. உரிமைகளில் பெரும்பகுதி கிடைத்துவிட்டதே, பிறகு எதற்குத் திருமணம் என்ற பெயருக்கு அடம்பிடிக்கிறார்கள் என்று பல நல்ல மனிதர்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் விவரங்களில் இருக்கிறது. பாக்ஸ் செய்துகொண்டவர் இறந்தால் அவர் உயில் எழுதியிருந்தால்தான் மற்றவருக்குச் சொத்து. கணவனோ மனைவியோ இறந்தால் கிடைக்கும் ஓய்வூதியப் பங்கு பாக்ஸில் கிடையாது. பிரிட்டனில் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து எல்லாரையும் போலவே ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டினார். தான் இறந்தால் துணைவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தபோது ஆண்டுக்கு சுமார் 1,000 பவுண்டு என்றார்கள். ஒரு பெண்ணை மணந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு 45,000 பவுண்டுக்கு மேல் கிடைத்திருக்கும். சிவில் பார்ட்னர்ஷிப் வந்த நாளுக்கு முந்தைய சேவையைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருந்ததுதான் காரணம். 2017இல்தான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. தனிப் பாத்திரத்தில் பரிமாறினால் அளவு குறைந்தே இருக்கும் என்பதை இதுபோன்ற கணக்குகள்தான் மக்களுக்குப் புரியவைத்தன.

பாத்திரத்தைப் பிரிக்காமல் முதலில் பரிமாறிய நாடு நெதர்லாந்து. 2001 ஏப்ரல் 1, நள்ளிரவு. ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்தில் மேயர் ஜோப் கோஹென் நான்கு இணையருக்குத் திருமணம் செய்துவைத்தார். அதற்குத் தேவைப்பட்ட சட்டத் திருத்தம் எவ்வளவு சின்னது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வேறு பாலினத்தைச் சேர்ந்த இருவரோ ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவரோ திருமணம் செய்துகொள்ளலாம் என்ற ஒரு வாக்கியம்தான் அதன் உயிர். 2005இல் ஸ்பெயினும் சிவில் சட்டத்தின் 44ஆம் பிரிவில் இதேபோல ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது. ஏற்கெனவே கட்டி வைத்த வீடு இருக்கிறது, வாசலில் எழுதியிருந்த பெயர்ப்பட்டியலை மட்டும் மாற்றுகிறோம் என்பதுதான் அந்த வழி. பெல்ஜியம் 2003லும் கனடா 2005லும் வந்து சேர்ந்தன.

தென்னாப்பிரிக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிய முதல் நாடு அது. நிறவெறியின் கொடுமையை அனுபவித்த தேசம், 'தனியாக, ஆனால் சமமாக' என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்திருந்தது. 2005 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பு நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தது. கெடு முடிவதற்கு முன்னால், 2006 நவம்பர் 30 அன்று, சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதிலும் ஒரு சிறிய பின்வாசல் வைத்தார்கள்: மனசாட்சி ஒப்பவில்லை என்றால் அரசுப் பதிவாளரே மறுக்கலாம். அந்த விதியை நீக்க 2020 வரை ஆயிற்று.

அமெரிக்காவின் கதைதான் உலகில் அதிகம் கேட்கப்பட்டது. அதன் இரண்டு பெரிய வழக்குகளுமே சாவிலிருந்து தொடங்கியவை. எடித் விண்ட்சரும் தியா ஸ்பையரும் 1967இல் நிச்சயம் செய்துகொண்டு, 2007இல் டொரன்டோவுக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டவர்கள். இடையில் நாற்பது ஆண்டுகள். அதில் பல ஆண்டுகள் தியாவை நரம்பு நோய் சக்கர நாற்காலியில் உட்கார்த்தியிருந்தது. 2009இல் தியா இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்துக்குக் கூட்டாட்சி அரசு எடித்திடம் 3,63,053 டாலர் வரி வாங்கியது. தியாவின் இடத்தில் ஒரு கணவர் இருந்திருந்தால் வரி சுழியம். 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம், எந்த மாநிலம் ஏற்றாலும் சரி, கூட்டாட்சி அரசுக்குத் திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டும்தான் என்று சொல்லியிருந்தது. 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்த விதியை ரத்து செய்தது.

அந்தச் செய்தியைக் கேட்டபோது ஒஹையோவில் ஜான் ஆர்தர் படுத்த படுக்கையாக இருந்தார். உடம்பின் ஒவ்வொரு தசையும் செயலிழந்துகொண்டே போகும் நோய். துணைவர் ஜிம் ஓபர்கஃபெல் குனிந்து, கல்யாணம் செய்துகொள்வோமா என்று கேட்டார். ஒஹையோ அனுமதிக்காது. நண்பர்களும் உறவினர்களும் பணம் போட்டு மருத்துவ வசதியுள்ள ஒரு சிறு விமானத்தை ஏற்பாடு செய்தார்கள். ஜூலை 11 அன்று மேரிலாண்டில் இறங்கி, விமான நிலையத்தின் ஓடுதளப் பகுதியிலேயே, விமானத்துக்குள்ளேயே திருமணம் நடந்தது. முடிந்ததும் திரும்பிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜான் இறந்தார். ஜிம் வழக்குப் போட்டுக் கேட்டது எதை? ஜானின் இறப்புச் சான்றிதழில் 'திருமணமானவர்' என்றும் துணை என்ற இடத்தில் தன் பெயரும் இருக்க வேண்டும் என்பதை. மாநில அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அந்த ஒரு வரிக்கான வழக்கு, இன்னும் பல வழக்குகளோடு சேர்ந்து, 2015 ஜூன் 26 அன்று அமெரிக்கா முழுவதும் தன்பாலினத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்கியது. அங்கேயும் 5க்கு 4தான்.

நீதிபதிகள் தீர்மானிப்பதைவிட மக்கள் வாக்களித்தால் நல்லதல்லவா என்ற வாதமும் உண்டு. அயர்லாந்து அப்படித்தான் செய்தது. 1993 வரை தன்பாலுறவைக் குற்றமாக வைத்திருந்த நாடு, 2015 மே 22 அன்று 62 சதவீத ஆதரவோடு அரசியல் சட்டத்தை மாற்றியது. வெளிநாடுகளில் வேலை பார்த்த ஐரிஷ் இளைஞர்கள் விமானத்திலும் கப்பலிலும் வாக்களிக்க வீடு திரும்பிய காட்சி இன்றைக்கும் நெகிழ வைக்கிறது. 2017இல் ஆஸ்திரேலியா தபால் வழியே கருத்துக் கேட்டது. 61.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், டிசம்பரில் சட்டம் வந்தது. இருந்தாலும் எனக்கு இந்த வழியில் ஒரு தயக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர், சொந்த அத்தை என எல்லாரும் உங்கள் வாழ்க்கைக்கு ஆம், இல்லை என்று மதிப்பெண் போடும் நாள்களைக் கடப்பது எளிதில்லை. ஜெயித்தாலும் நூற்றில் 38 பேர் இல்லை என்று சொன்னது மனதில் தங்கிவிடும். தோற்றால்?

தோற்ற இடம் தைவான். அங்கே சி சியா-வெய் என்பவர் 1986இலேயே திருமணப் பதிவு கேட்டு மறுக்கப்பட்டவர். முப்பது ஆண்டுகள் விடாமல் மனுப்போட்டார். 2016 அக்டோபரில், தைபேயில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ஜாக் பிகூ தன் மாடி வீட்டிலிருந்து விழுந்து இறந்தார். அதற்கு முன் அவருடைய 35 ஆண்டுத் துணைவர் புற்றுநோயில் இறந்தபோது, கடைசி நேரச் சிகிச்சையில் எந்த முடிவும் எடுக்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போனது. இந்தச் சாவு தைவானை உலுக்கியது. 2017 மே 24 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் தன் 748ஆம் எண் விளக்கத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் சட்டத்தைச் சரிசெய்யுங்கள் என்று கெடு வைத்தது. ஆனால் 2018 நவம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், சிவில் சட்டத்தில் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. நீதிமன்றம் ஒரு பக்கம், மக்கள் தீர்ப்பு மறுபக்கம். அரசு என்ன செய்தது தெரியுமா? தனிச் சட்டம் ஒன்று எழுதி, அதன் தலைப்பில் திருமணம் என்றும் போடாமல் வேறு பெயரும் சூட்டாமல், '748ஆம் எண் விளக்கத்தைச் செயல்படுத்தும் சட்டம்' என்று மட்டும் வைத்தது. உள்ளே திருமணப் பதிவு என்ற சொல் இருந்தது. 2019 மே 24 அன்று, ஆசியாவிலேயே முதன்முறையாக, இணையர்கள் பதிவு அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். ஓட்டைகள் மிச்சம் இருந்தன. பல நாட்டவரை மணக்க முடியவில்லை, துணையின் சொந்தக் குழந்தையைத் தவிர வேறு குழந்தையைச் சேர்ந்து தத்தெடுக்க முடியவில்லை. இரண்டும் 2023இல்தான் பெரும்பாலும் சரியாயின.

தாய்லாந்து அந்தத் தனிப் பாதையை வேண்டாம் என்று விட்டது. அங்கேயும் முதலில் 'வாழ்க்கைத்துணை மசோதா' என்ற நடுவழிதான் பேசப்பட்டது. செயற்பாட்டாளர்கள் சிவில் சட்டத்தையே திருத்தச் சொன்னார்கள். 2024 ஜூன் 18 அன்று செனட் 130க்கு 4 என்று நிறைவேற்றியது. 'ஆணும் பெண்ணும்' என்ற இடத்தில் 'இரு நபர்கள்', 'கணவன் மனைவி' என்ற இடத்தில் 'துணைவர்கள்'. 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் 'தந்தை, தாய்' என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. குழந்தை விஷயத்தில் அந்த இரண்டு சொற்கள் நாளை எந்த அலுவலகத்தில் எப்படி வாசிக்கப்படும் என்ற கவலை அங்கே இன்னும் தீரவில்லை. தாய்லாந்தோடு லீக்டன்ஸ்டைனும் சேர்ந்த பிறகு, தைவானையும் கணக்கில் வைத்தால் 38 நாடுகள். இன்னொரு பக்கம் ஏறத்தாழ 60 நாடுகளில் தன்பாலுறவே இன்னமும் குற்றம்.

மதத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். இந்தச் சட்டங்கள் மாற்றுவது அரசின் பதிவேட்டைத்தான். ஒரு கோயிலையோ தேவாலயத்தையோ பள்ளிவாசலையோ இந்தத் திருமணத்தை நடத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அவற்றின் நோக்கம் இல்லை. அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2004இலேயே தெளிவாகச் சொன்னது. பிரான்சிலும் நெதர்லாந்திலும் ஆணும் பெண்ணும் மணந்தாலும் சட்டப்படி செல்வது நகர மன்றத் திருமணம் மட்டும்தான், மதச் சடங்கு அதற்குப் பிறகுதான்.

சரி, கிடைத்த உரிமை நிலைக்குமா? 2008இல் கலிஃபோர்னியாவில் சில மாதங்கள் திருமணங்கள் நடந்தன, சுமார் 18,000 இணையர் மணந்தார்கள். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு கதவை மூடியது. அவர்கள் திருமணம் மட்டும் செல்லுபடியானது, மறுநாள் வந்தவர்களுக்கு 2013 வரை இல்லை. பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான பெர்முடா தீவு, தந்த உரிமையைத் திரும்ப எடுத்தது. 2022இல் அதன் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதைச் சரியென்று ஏற்றது. நாட்டு எல்லையைத் தாண்டினாலும் இதே நிலையின்மைதான். ஒரு விமானப் பயணத்தில் ஏறும்போது கணவர், இறங்கும்போது நண்பர்.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த கேள்வி திருமணம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை எல்லாருக்கும் பொருந்துமாறு வாசிக்க வேண்டும் என்று சுமார் இருபது மனுக்கள் வந்தன. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐவரும் ஒன்று. திருமணம் இல்லாவிட்டாலும் இந்த உறவுக்கு அரசு ஓர் ஏற்பு தர வேண்டுமா என்பதில் 3க்கு 2 எனப் பிரிந்து, வேண்டியதில்லை என்று முடிந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் இரண்டு சொற்களை மாற்றினால் போதாது, வயது வரம்பிலிருந்து வாரிசுரிமை வரை பின்னிக் கிடக்கிறது என்ற நீதிமன்றத்தின் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் சிக்கலான முடிச்சு என்பது அவிழ்க்காமல் விடுவதற்குக் காரணமாகாது. ஸ்பெயினின் சிவில் சட்டமும் சிக்கலானதுதான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2024இல் சில அறிவிப்புகள் வந்தன. குடும்ப அட்டைக்கு இணையரை ஒரே வீட்டினராகக் கொள்ளலாம். வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், துணையை நியமனதாரராகப் போடலாம். ஒருவர் இறந்தால் அவர் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. இவை எதுவும் சின்ன விஷயம் இல்லை.

உடலைப் பெறுவது பற்றிய அந்தக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நெருங்கிய உறவினர் இல்லாதபோது. மினசோட்டாவில் ஷாரன் கோவால்ஸ்கிக்கு நெருங்கிய உறவினர் இருந்தார்கள்.